பேபி புட்டு

அருளப்பனுக்கு முதல் பல் முளைத்த விஷயம் முதலில் அவன் அக்கா அமலியின் சுண்டுவிரலுக்குத்தான் தெரிந்தது.

"கடிக்கிறாம்மா" என்று அமலி விரலை உதறினாள்.

அம்மா சவுரியம்மாள் அடுப்படியிலிருந்து ஓடி வந்து பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தாள். கீழ் ஈறில் நொய்யரிசி போல ஒன்று வெள்ளையாக எட்டிப் பார்த்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அமலியின் விரலைப் பற்றி யாருமே விசாரிக்கவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம் அது. திண்டிவனம் ரயிலடிக்குப் பின்னால் இருந்த அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது ரயில்வேயில் வேலை பார்த்தார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டுப் பிள்ளைக்கு முதல் பல் முளைத்தாலும், தெருப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு அந்த வீட்டுக்காரர்கள் இனிப்பாக ஏதாவது கொடுக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக் காந்திமதிக்குச் சேதி எப்படித்தான் எட்டியதோ, அம்மா பிள்ளையின் வாயை மூடுவதற்குள் வேலிக்கு மேலே அவள் தலை தெரிந்தது. அவள் பிள்ளைக்குப் போன மாதம்தான் பல் முளைத்திருந்தது.

"நாங்க ஆளுக்கு ரெண்டு கொழுக்கட்டை கொடுத்தோம். உள்ள எள்ளும் வெல்லமும் வச்சி" என்றாள் காந்திமதி. இதை அவள் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தெருவில் மேயும் ஆடுகளுக்குக்கூட அந்தக் கொழுக்கட்டையைப் பற்றித் தெரியும். "நீ இன்னா கொடுக்கப்போற சவுரி?"

"பாத்துக்கினே இரு" என்றாள் அம்மா.

வாய் சொல்லிவிட்டது. வீட்டில் இருந்ததோ ஒரு கலயத்தின் அடியில் கொஞ்சம் கேப்பை மாவு. மூன்று நாளாக மழை வேறு. விறகெல்லாம் நனைந்து ஊறிப்போயிருந்தது. அம்மா அன்று முழுவதும் அந்தக் கலயத்தையே திறந்து திறந்து பார்த்தாள்.

அமலியின் அப்பா தேவசகாயத்துக்கு விழுப்புரம் ஜங்ஷனில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவார். அன்று மாலை வரும்போதே முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"உன் தம்பி சின்னப்பனை ஜங்ஷன்ல பாத்தேன்" என்றார் அம்மாவிடம்.

சின்னப்பன் மாமாவுக்குப் பாண்டிச்சேரியில் வேலை. அப்போது அந்த ஊரைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள். அவர்கள் சாயங்காலம் கூடிப் பேசி விளையாடுகிற கிளப்பில் மாமா மேசை துடைப்பார், காப்பி கொடுப்பார், தனக்குத் தெரிந்த நாலு வார்த்தைப் பிரெஞ்சை நாற்பது தடவை பேசுவார்.

"எதுக்கு வந்தானாம்?" என்று அம்மா கேட்டாள்.

"பார்சல் போடறதுக்கு. நம்ம பசங்களுக்காம். ஞாயித்துக்கிழமை இங்க வந்துடும். இன்னா பார்சல்னு கேட்டேன். அந்த நேரம் பாத்து இஞ்சின் ஊதிட்டான். இருந்தாலும் காதுல விழுந்துச்சி. பேபி புட்டாம்."

"பேபி புட்டா?"

"ஆமா. பாண்டிச்சேரியில கொழந்தைங்களுக்குன்னே செய்யிற புட்டு போலக்கீது. பெட்டி இவ்ளோ பெருசு." அப்பா இரண்டு கைகளையும் விரித்தார். ஒரு கை சுவரில் இடித்தது.

அமலிக்குச் சந்தேகம் வந்தது. "புட்டு ரயில்ல வந்தா ஊசிப் போவாதாப்பா?"

"பிரெஞ்சுக்காரன் புட்டு ஊசாதும்மா" என்றார் அப்பா, தினமும் அதைத்தான் சாப்பிடுகிறவர் போல.

அம்மா அதற்குள் வேலி ஓரத்துக்குப் போய்விட்டாள். "காந்திமதி, ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குப் பசங்களைக் கூட்டிக்கினு வந்துடு. என் தம்பி பாண்டிச்சேரியிலிருந்து பேபி புட்டு அனுப்புறான். கொழுக்கட்டை மாதிரி ரெண்டு ரெண்டா எண்ணிக் கொடுக்க மாட்டேன். தட்டு எடுத்துக்கினு வா."

காந்திமதியின் தலை வேலிக்குக் கீழே இறங்கியது. அம்மா அதோடு நிற்கவில்லை. தெருக்கோடி வரை போய் எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டுத்தான் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டி வந்தது. அப்பாவும் அமலியும் ரயிலடிக்குப் போனார்கள். அப்பா விரித்துக் காட்டியதை விடப் பெரிய பெட்டி. அதன் பக்கவாட்டில் கறுப்பு மையில் இங்கிலீஷ் எழுத்துகள். பார்சல் குமாஸ்தா கோதண்டபாணி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டினார்.

"பி, ஏ, பி, ஒய், பேபி. எஃப், ஓ, ஓ, டி, ஃபுட். பேபி ஃபுட். குழந்தைகள் சாப்பாடு. சரியாத்தான் இருக்கு தேவசகாயம்."

அமலி ஐந்தாம் வகுப்பு. அவளும் எட்டிப் பார்த்தாள். "சார், எஃப் ஓ ஓ டின்னா காலு. எங்க டீச்சர் சொல்லிக் கொடுத்தாங்க."

"எஃப் ஓ ஓ டின்னா சாப்பாடும்மா."

"அது வேற டி சார். இது இந்த டி."

"எந்த டி?"

அமலி யோசித்தாள். "குடிக்கிற டீ இருக்குதே, அந்த டீ."

"டீயா?" என்றார் அப்பா. "டீயும் சேத்து அனுப்பி இருக்கானா சின்னப்பன்?"

கோதண்டபாணி மறுபடியும் எழுத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஆமாம், குழந்தை சொல்றது சரி. கடைசி எழுத்து மாறி இருக்கு. ஆனா அது பிழையாத்தான் இருக்கணும். நீயே சொல்லும்மா, யாராவது குழந்தையோட காலைப் பெட்டியில போட்டு அனுப்புவாங்களா?"

யாரும் அனுப்ப மாட்டார்கள் என்று அமலிக்கும் தெரியும். ஆனால் பெட்டியைத் தொடும்போது மட்டும் கொஞ்சம் பயமாக இருந்தது.

"நானும் நாலு மணிக்கு வர்றேன்" என்றார் கோதண்டபாணி. "பிரெஞ்சுச் சாப்பாடு நான் பார்த்ததில்லை."

ரயிலடியில் விளக்கு ஏற்றும் பூமாலை ஒரு பக்கம் பிடிக்க, அப்பா ஒரு பக்கம் பிடிக்க, பெட்டி வீட்டுக்கு வந்தது. வழியெல்லாம் உள்ளே லொடலொடவென்று சத்தம்.

"புட்டு ஏன் இப்படிச் சத்தம் போடுது?" என்றார் பூமாலை மூச்சு வாங்கிக்கொண்டே.

"நல்லாக் காய்ஞ்ச புட்டு" என்றார் அப்பா.

மணி மூன்று. அம்மா வாசலைக் கூட்டிக் கோலம் போட்டிருந்தாள். அப்பா பெட்டியின் மேல்பலகையை நெம்பினார். அது படாரென்று திறந்ததில் உள்ளேயிருந்து ஏதோ ஒன்று தெறித்து, அருளப்பன் தவழ்ந்துகொண்டிருந்த பாய்ப் பக்கம் உருண்டது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லாருடைய கண்ணும் பெட்டிக்குள்தான்.

உள்ளே புட்டு இல்லை. புட்டு மாதிரிகூட எதுவும் இல்லை.

தொட்டி போல ஒரு மேசை இருந்தது. அதன் குறுக்கே எட்டு இரும்புக் கம்பிகள். கம்பிகளில் சாண் உயரம்கூட இல்லாத மர மனிதர்கள் வரிசையாகக் கோத்து நின்றார்கள். பாதிப் பேர் சிவப்பு, பாதிப் பேர் நீலம். யாருக்கும் கை இல்லை. இரண்டு காலும் ஒட்டி ஒரே காலாக இருந்தது. மூலையில் நெட்டித் தக்கையில் செய்த ஒரு சின்னப் பந்து. மேசைக்கு மூன்று கால்கள்தான் பெட்டியில் இருந்தன.

அப்பா பெட்டியின் அடியையும் ஒரு முறை தடவிப் பார்த்தார்.

"இதை எப்படித் திங்கறது?" என்றார் பூமாலை மெதுவாக. அப்பா அவரைக் கண்ணால் அதட்டினார்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தெருவையே தட்டு எடுத்துக்கினு வரச் சொன்னேனே. அந்தக் காந்திமதி மூஞ்சியில எப்படி முழிப்பேன்? இனிமே ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாளே" என்றாள். அவள் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்தது.

அம்மா அழுது அமலி பார்த்ததே இல்லை.

அழுகை கொஞ்ச நேரம்தான். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மேசையின் பலகையைத் தட்டிப் பார்த்தாள். பிறகு கதவுக்குப் பின்னால் இருந்த கோடாலியை எடுத்தாள்.

"நல்லாக் காய்ஞ்ச மரம். இதைப் பொளந்து அடுப்புல வச்சி, இருக்கிற மாவுல புட்டு அவிக்கிறேன். ஆளுக்கு ஒரு வாயாவது கொடுக்கலாம்."

"உன் தம்பி வந்து கேட்டா?" என்றார் அப்பா.

"அவனையும் சேத்து அடுப்புல வைக்கிறேன்."

"அம்மா, ஒரு நிமிஷம் இரும்மா" என்று அமலி குறுக்கே போய் நின்றாள். சும்மா நிற்கத்தான் போனாள். கை தானாக ஒரு கம்பியின் பிடியைப் பிடித்தது. பிடித்ததும் திருகியது. சிவப்பு மனிதன் சட்டென்று காலைத் தூக்கிப் பந்தை ஓர் உதை உதைத்தான். பந்து ஓடிப்போய் எதிர்ப்பக்கத்து ஓட்டைக்குள் விழுந்தது.

அமலி வாயைப் பிளந்தாள். பள்ளிக்கூட மைதானத்தில் பையன்கள் துணிப்பந்தை இப்படித்தானே உதைக்கிறார்கள்.

"இது கால்தாம்மா. நான் சொன்னது சரிதான். ஃபுட்பால்ல வர்ற ஃபுட்டு. பேபின்னா குட்டி. குட்டிக் கால்பந்தாட்டம்மா இது."

"எதுவா இருந்தா இன்னா? தட்டுல வைக்க முடியுமா?" என்றாள் அம்மா. ஆனால் கோடாலி கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

அப்பா எதிர்ப்பக்கம் போய் ஒரு கம்பியைச் சுழற்றினார். பந்து திரும்பி வந்தது. அமலி தடுத்தாள். அப்பா விடவில்லை. இரண்டே நிமிஷத்தில் அவர் மடித்துக் கட்டிய வேட்டியோடு மேசையைச் சுற்றிக் குதித்துக்கொண்டிருந்தார். பூமாலை, "சோப்பை விடாத, சோப்பை விடாத" என்று கத்தினார். சிவப்பைத்தான் அப்படிச் சொன்னார். ஆட்டம் சூடானால் அவருக்கு நாக்கு புரளாது.

"புட்டுக்கு வழியைக் காணோம், இவங்களுக்கு ஆட்டம் கேக்குது" என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே, பந்து எங்கே போகிறது என்று அவளும் எட்டிப் பார்த்தாள்.

அமலி அதைக் கவனித்தாள். அம்மாவுக்கே பார்க்காமல் இருக்க முடியவில்லை என்றால், தெரு சும்மா இருக்குமா? அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

"அப்பா, ஜல்தியா இதைத் தூக்கி வாசல்ல வைங்க. காலு இல்லாத பக்கம் உரலை முட்டுக் கொடுங்க."

நாலு அடிப்பதற்கு முன்பே காந்திமதி வந்துவிட்டாள். இடுப்பில் பிள்ளை, கையில் அவள் வீட்டிலேயே பெரிய பித்தளைத் தாம்பாளம். பின்னால் தெருவே வந்தது. கோதண்டபாணி தன் வீட்டிலிருந்து வாழை இலை ஒன்றைச் சுருட்டிக் கொண்டு வந்திருந்தார்.

"எங்க புட்டு?" என்றாள் காந்திமதி.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அமலி முன்னால் வந்தாள்.

"புட்டு இன்னும் வேகல அத்தே. நாங்க தப்பாப் புரிஞ்சிக்கினோம். வந்தது புட்டு இல்ல, ஆட்டம். எங்க வீட்டு மாவு தெருவுக்குப் பத்தாது. மீதி மாவு இனிமேதான் வரணும்."

"எப்ப வரும்?"

"நீங்க தோத்ததும் வரும்."

கூட்டம் சிரித்தது. காந்திமதி இடுப்பில் கை வைத்தாள். "நான் எதுக்குத் தோக்கிறேன்?"

"அதான் ஆட்டம் அத்தே. அஞ்சு தடவை யாரு பந்தை முதல்ல ஓட்டையில தள்ளுறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. தோத்தவங்க வீட்டுக்குப் போயி மாவோ வெல்லமோ, இருக்கிறதைக் கொண்டாரணும். எல்லாத்தையும் சேத்து அவிச்சி எல்லாரும் சாப்பிடலாம்."

"யாரு கூட ஆடணும்?"

"எங்கூட ஆடு" என்றாள் அம்மா. அவள் சேலையை வரிந்து கட்டியிருந்தாள். கோடாலி சுவரோரம் போயிருந்தது.

அம்மா சிவப்பு, காந்திமதி நீலம். ஒரு மாதத்துக் கொழுக்கட்டைக் கோபம் முழுவதும் அம்மாவின் மணிக்கட்டில் இருந்தது. கம்பிகள் சுழன்ற வேகத்தில் சிவப்பு மனிதர்களுக்குத் தலை சுற்றியிருக்கும். காந்திமதி தோற்றாள். வெடுக்கென்று போனாள். தாம்பாளம் நிறையக் கேப்பை மாவோடு வந்தாள்.

"இன்னொரு ஆட்டம்."

இரண்டாவதும் தோற்றாள். ஒரு பெரிய வெல்ல உருண்டை வந்தது. மூன்றாவதும் தோற்றாள். அவள் வீட்டுப் பரணில் நனையாமல் இருந்த விறகு ஒரு கட்டு வந்தது.

நடுநடுவே மற்றவர்களும் ஆடினார்கள். பூமாலை ஒரு பொடியனிடம் தோற்று, ஒரு கூடை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொண்டு வந்தார். கோதண்டபாணி, "இது மூளை வேலை" என்று சொல்லிக்கொண்டு ஆடி, இரண்டாம் வகுப்புக் குப்பம்மாளிடம் தோற்றுத் தேங்காய் வாங்கப் போனார். பிள்ளைகள் வரிசையில் நின்று, "பெரியவங்க போதும், எங்களுக்கு விடுங்க" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று.

ஒரே ஒரு சிக்கல். மாவு வந்தது, வெல்லம் வந்தது, விறகும் வந்தது. புட்டு அவிக்க வேண்டிய அம்மாதான் மேசையை விட்டு அசையவில்லை.

"கொஞ்சம் வந்து பாரேன்" என்றார் அப்பா.

"நீங்களே மாவைப் பிசிறி வைங்க. உப்புத் தண்ணி தெளிச்சி. கட்டி கட்டாம" என்றாள் அம்மா, பந்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அப்பா உள்ளே போனார். மாவு பிசிறினார், பானையில் தண்ணீர் ஊற்றித் துணி கட்டினார். "மூணு உதை விட்டாச்சா, நாலா?" என்று அடுப்படியிலிருந்தே விசாரித்துக்கொண்டார். மல்லாட்டையை வறுத்து இடித்தார். அந்த வாசனை வாசலுக்கு வந்தது.

காந்திமதி நாலாவது ஆட்டத்துக்கு வந்து நின்றாள். முகம் சுண்டிப் போயிருந்தது. வாய் மட்டும் சிரித்தது. அமலி அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். காந்திமதி ஒரு கையால் இடுப்புப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மட்டுமே இவ்வளவு நேரமும் ஆடியிருக்கிறாள். நாலு கம்பிக்கு ஒரு கை எப்படிப் பத்தும்?

அமலிக்கு ஒரு பக்கம் அம்மா ஜெயிக்க வேண்டும். இன்னொரு பக்கம் அது சரியாகவும் படவில்லை. அவள் கையை நீட்டினாள்.

"பிள்ளையை எங்கிட்ட குடுங்க அத்தே. ரெண்டு கையால ஆடுங்க."

காந்திமதி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு பிள்ளையைக் கொடுத்தாள். அமலி அவனைத் தூக்கிப்போய், வாசற்படியோரம் பாயில் கிடந்த அருளப்பன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

அந்த ஆட்டம்தான் ஆட்டம். நாலுக்கு நாலு. தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. காந்திமதி இரண்டு கையாலும் ஒரு திருகு திருகினாள். நீல மனிதன் உதைத்த பந்து அம்மாவின் கடைசி ஆளைத் தாண்டி உள்ளே விழுந்தது.

"ஜெயிச்சேன்" என்று காந்திமதி தன் தாம்பாளத்தையே எடுத்துத் தட்டினாள். "சவுரி, நீ தோத்துட்ட. போயி ஏதாச்சும் கொண்டா."

அம்மா இடுப்பில் கை வைத்து அவளை முறைத்தாள். பிறகு உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவள் இரண்டு கையிலும் ஆவி பறக்கும் பெரிய சட்டி. கேப்பைப் புட்டு. வெல்லமும் தேங்காயும் மல்லாட்டையும் போட்டுக் கிளறியது.

"இந்தா, கொண்டாந்துட்டேன்" என்றாள்.

முதல் கை புட்டு காந்திமதியின் தாம்பாளத்தில் விழுந்தது. காந்திமதி ஒரு வாய் போட்டாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"கொழுக்கட்டையை விட நல்லாத்தான் கீது" என்றாள் மெதுவாக. அம்மா இன்னொரு கை அள்ளி வைத்தாள்.

எல்லாரும் தின்றுகொண்டிருக்கும்போது மாலை ரயில் வந்துபோன சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சின்னப்பன் மாமா ஒரு மரக்காலைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவுக்குள் வந்தார்.

"ஒரு காலு உடைஞ்சி இருந்துச்சி. ஆசாரிகிட்ட கொடுத்து சரி பண்ணிக் கொண்டாந்தேன்" என்றார். பிறகு கூட்டத்தையும் தட்டுகளையும் பார்த்து முழித்தார். "இங்க இன்னா நடக்குது?"

அம்மா ஒரு தட்டை நீட்டினாள். "உக்காரு. நீ அனுப்பின பேபி புட்டு. சாப்பிடு."

"நான் புட்டு அனுப்பலியே அக்கா. கிளப்புல புதுசு வந்துச்சி, பழசை எனக்குக் கொடுத்தாங்க. பாபிஃபூத். மேசை மேல ஆடற ஃபுட்பாலு. சின்னதா இருக்கிறதால பேபியாம். ஃபுட்பாலைப் பாதியா வெட்டி ஃபூத்தாம்."

"இங்கிலீஷ் பேராச்சே. பிரெஞ்சுக்காரன் ஏன் வைக்கிறான்?" என்று கோதண்டபாணி கேட்டார்.

"அது அவனுக்கே தெரியல சார். நானும் கேட்டுப் பாத்தேன்."

கோதண்டபாணி கண்ணாடியைக் கழற்றினார். "அப்படின்னா அந்த டி பிழை இல்லையா?"

"நான்தான் அப்பவே சொன்னேனே சார், காலுன்னு" என்றாள் அமலி.

"நல்லாக் கேட்டுக்கோங்க எல்லாரும்" என்றார் மாமா, புட்டை வாயில் அடைத்துக்கொண்டே. "ஃபூத்னா காலு. காலால ஆடறது. திங்கற சாமான் இல்ல."

"அதை அருளுகிட்ட சொல்லுங்க மாமா" என்றாள் அமலி.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாயில் அருளப்பன் ஒரு நீல மர மனிதனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவன் காலைக் கடித்துக்கொண்டிருந்தான். பெட்டி திறந்தபோது தெறித்து விழுந்த ஆள்தான். புதுப் பல் பட்டுக் காலில் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

காந்திமதி ஓடிப்போய் மேசையைப் பார்த்தாள். நீலப் பக்கத்தில் ஒரு கம்பியில் ஓர் இடம் காலியாக இருந்தது.

"என் ஆளுடா அது" என்றாள். "ஒரு ஆளு கொறைச்சலா வச்சிக்கினு மூணு ஆட்டம் தோத்திருக்கேன். இது செல்லாது. நாளைக்கு முதல்லேர்ந்து ஆடணும்."

"நாளைக்கு நாலு மணிக்கு வா" என்றாள் அம்மா. "மாவு எடுத்துக்கினு வா."